சேம் சைடு கோல் போட்ட மகனுக்கு

ஜெபராஜ், சிவகாசியிலிருந்து அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகமா என்று கேட்டிருக்கிறாய். உடம்பு சுகம்தான். ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து நானும் உன் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால் வீடு சுகமாக இல்லை. நான் டியூட்டியில் இருந்ததால் தபால்காரர் கடிதத்தை ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கட்டு மாற்ற வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டே படித்தேன். கடைசி வரிக்கு வருவதற்குள் பதில் எனக்குள் முடிவாகிவிட்டது. வராதே என்பதுதான் அது. முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ பதறாமல் படிக்கலாம் என்று முதலிலேயே சொல்கிறேன்.

உன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மனசு உடைந்தவன் இப்படி ஒரு வரிகூடக் கோணாமல் எழுதமாட்டான். எழுதி எழுதிக் கிழித்துப்போட்டு, கடைசியில் ஒன்றை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அப்படியானால் இது கோபத்தில் எழுதியது இல்லை, யோசித்துத்தான் எழுதியிருக்கிறாய். மழையில் ஊறின மைதானம், குறுக்கே வந்த பந்து, நீ வெளியே தட்டிவிடக் காலை நீட்டினாய், அது உங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. சேம் சைடு கோல். அதனால் ஆட்டம் போயிற்று. கூட்டம் கிளப் கொட்டகை மேல் மண்ணாங்கட்டியை வீசியது. செயலாளர் அடுத்த ஆட்டத்தில் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நேற்று வந்த ஒருவனை உன் இடத்தில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக்காக இறக்கினார். இவ்வளவும் எழுதிவிட்டு, 'அப்பாவுக்கு அப்புறம் அந்தப் போர்மேன் வேலையை எனக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார் அல்லவா, இப்போதே வந்து சேர்ந்துவிடுகிறேன், கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம் வேறு இருக்கிறது' என்று ஏதோ பஸ் மாறி ஏறுகிற மாதிரி முடித்திருக்கிறாய். ஈரத் தரையைக் குறை சொல்லவில்லை, கோல் கீப்பரைக் குறை சொல்லவில்லை. அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

உன் அப்பாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது. படித்தார், மடித்துப் பையில் வைத்தார், சாப்பிடக்கூட உட்காராமல் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்கே திரும்பிப் போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது மாப்பிள்ளை மாதிரி முகம்.

"முதலாளி சரின்னுட்டாக. சீசன் வேல தலைக்கு மேல கெடக்கு, சட்டுனு வரச் சொல்லுன்னாக. இனி நம்ம புள்ள நம்ம கண்ணு முன்னால இருப்பான்."

"எங்கன வச்சுக் கண்ணு முன்னால? மருந்து கலக்குற ரூம்புலயா?"

"போர்மேனுக்குக் கலக்குற வேல கெடையாது. நின்னு பாத்துக்கிட்டாப் போதும். நான் இம்புட்டு வருசமா அங்கனதான இருக்கேன், எனக்கு என்ன ஆகிப்போச்சு?"

நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். அவர் அதை வேட்டி மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

அந்தக் கையின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் சந்தித்தோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், நீயும் ஏதோ காய்ச்சல் என்று நினைத்திருப்பாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருந்து அறையில் தீப்பிடித்து, உள்ளே நின்றவனை வெளியே இழுத்துப் போட்டவர் என்று சொல்லி இவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வாழை இலையில் சுற்றி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். தினமும் துணியைப் பிரித்துப் புதுக் கட்டுப் போடுவது என் வேலை. ஒரு நாள்கூட அழவில்லை. "நர்சம்மா, மெதுவா எடுங்க, அது என் கைதான், பிளாஸ்திரி இல்ல" என்று என்னை வைதார். அந்த வைதலுக்காகவே நான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வலது கை தேறிவிட்டது. இடது கை விரல்கள் முழுதாக மடங்கவே இல்லை. காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு, கிழவனுக்கும் கிழவிக்கும் இன்னும் கொஞ்சல் போகவில்லை என்று நீ கேலி செய்வாய். கொஞ்சலும் உண்டு. ஆனால் அவரால் பொத்தான் போட முடியாது, ஐயா.

நான் அந்தத் தொழிலைத் தூற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ தின்ற சோறு, உன் பள்ளிக்கூடம், என் கழுத்தில் கிடக்கிற தாலி எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. இன்னும் சொல்லப்போனால் உன் ஆட்டமே அந்தக் கம்பெனி வாசலில்தான் பிறந்தது. மத்தியானம் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியைக் கொண்டுபோவாய். செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே ஓடக்கூடாது, காலைத் தரையோடு தேய்க்கக்கூடாது, ஒரு கல் உரசினாலும் ஆபத்து. நீ சின்னவன் என்று அங்கே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியே பழகி, தெருவில் பந்து விளையாடும்போதும் நீ அப்படித்தான் நின்றாய். மற்ற பிள்ளைகள் விழுந்து புரண்டு பந்தைப் பிடுங்க, நீ காலை ஊன்றி, எதிரில் வருகிறவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்பாய். ஓடவே மாட்டேன் என்கிறானே, இவனுக்குக் காலில் ஏதாவது கோளாறா என்று நான் டாக்டரம்மாவிடம் உன்னைக் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு உங்களுக்குத்தான் சிஸ்டர் என்றார். பிறகு உன்னை பேக் ஆட வைத்த டிரில் மாஸ்டர் சொல்லித்தான், அப்படி நிற்பதற்கும் ஒரு வேலை உண்டு என்று தெரிந்தது.

அந்த பூட்ஸ் விஷயத்தை எஸ்தரிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்றால் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடு, எந்த மாதிரி வீட்டுக்குள் வருகிறோம் என்று அவளுக்குத் தெரியட்டும். அதுவரைக்கும் நீ வெறுங்காலோடு ஆடினவன். விருதுநகரில் ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், மெட்ராஸிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், பூட்ஸ் இல்லாமல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒரு போலீஸ்காரரின் பழைய ஜோடியை வாங்கிக்கொண்டு வந்தாய். வந்த சந்தோஷத்தில் அதைப் போட்டுக்கொண்டே நேராகக் கம்பெனி வாசலில் போய் அப்பாவைக் கூப்பிட்டாய். பூட்ஸின் அடியில் தோல் கட்டிகள், ஒவ்வொரு கட்டியிலும் இரும்பு ஆணி. காவல்காரர் பாம்பைக் கண்டவர் மாதிரி கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலம் உன் அப்பா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அத்தனை ஆணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பெனிப் பெட்டிகளுக்கு அடிக்கிற செம்பு ஆணியை அடித்தார். மடங்காத கையோடு அவர் படுகிற பாட்டைப் பார்த்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் தீப்பொறி வராமல் செய்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் பெருமை வேறு. செம்பு மெத்தென்று வளையும், ஆடுகிற காலுக்குத் தாங்காது என்று எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. பட்டாசுக்காரன் வீட்டில் தவிர வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது.

பாதி ஆட்டம் முடிவதற்குள் கட்டிகள் கழன்று மைதானமெங்கும் கிடந்தன என்றும், நடுவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உன் கையில் தந்தார் என்றும் நீ வந்து சொன்னாய். வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறாய். உன்னைத் தாண்டி ஒரு கோலும் போயிருக்கிறது. இடைவேளையில் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு, மிச்ச ஆட்டத்தை வெறுங்காலோடு ஆடியிருக்கிறாய். எதிர் ஆட்கள் எல்லார் காலிலும் பூட்ஸ். பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்க நீ வீட்டுக்கு வந்தபோது, நான் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டே, 'போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்றேன். நீ சிரித்தாய். "எடுத்துட்டாகம்மா" என்றாய். அந்த மெட்ராஸ்காரர், வழுக்கி விழுந்தவனைப் பார்த்தேன், ஆனால் அதற்குப் பிறகு அவனைத் தாண்டி ஒருவனும் போகவில்லையே என்றாராம். எனக்கு அப்போது உன் நகம்தான் பெரிதாக இருந்தது.

அங்கிருந்து மெட்ராஸில் ஒரு மில் டீம், பிறகு கல்கத்தா கிளப். அணாக் கணக்கு போய் நயா பைசா வந்த வருஷம் நீ ரயில் ஏறினாய். கடுகு எண்ணெய் மீன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினாய், ஓமத்தை வறுத்து அனுப்பினேன். பாஷை புரியவில்லை என்று எழுதினாய், மைதானத்தில் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று பதில் எழுதினேன். அப்புறம் முழங்கால். கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு மழைக்காலம் முழுக்க ஆட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் நீ வருகிறேன் என்று எழுதவில்லை. வா என்று நான்தான் எழுதினேன், நீ மறுத்துவிட்டாய். முழங்கால் பிசகியபோது நின்றவன், ஒரு பந்து பிசகியதற்கு ஓடிவருகிறாயா? இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் கட்டிலுக்கு மேலே ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா? அர்ஜென்டினா தேசத்து பேக் ஒருவன். மாட்டுத் தொழுவங்களும் இறைச்சிக் கிடங்குகளுமாக இருக்கிற ஊரில் பிறந்தவன், தொழிலாகவே பந்தாடுகிறவன் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். அவன் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் நான் அவனை உன் கூட்டாளி என்றே வைத்துக்கொண்டேன். சுவீடனில் நடந்த உலகப் போட்டியில் அவன் நாடு படுமோசமாகத் தோற்றது. ஊருக்குத் திரும்பியபோது விமான நிலையத்திலேயே சொந்த ஜனங்கள் காசை விட்டெறிந்து கேவலப்படுத்தினார்கள். அவன் என்ன செய்தான் என்று அப்போது நான் கேட்டேன். 'என்னம்மா செய்வான், ஞாயிற்றுக்கிழமை அவன் கிளப்புக்கு மேட்ச் இருந்தது, ஆடினான்' என்று எழுதினாய். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக ஆடினான் என்றும் நீதான் எழுதினாய். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். காசு எறிகிற ஊரில் இருக்காதே, வந்து மாடு பார் என்று அவளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதினால் போதாது, இங்கேயும் சில வாசல்களை அடைக்க வேண்டும் என்று பட்டது. சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் சாத்தூர் பஸ் ஏறி எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா, ஹெட்மாஸ்டர் ஐயா, காப்பி கொடுத்து உட்கார வைத்தார். மாப்பிள்ளை ஊருக்கே வரப்போகிறார் என்று அவருக்கு எப்படியோ சேதி எட்டியிருந்தது. வரவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நர்சம்மா, நான் ஒளிவு மறைவு இல்லாமப் பேசுறேன். பந்து வெளையாடுறதெல்லாம் ஒரு பொழப்பா? கால் நல்லா இருக்குற வரைக்கும்தான அது?"

"பட்டாசு வேலையும் கை நல்லா இருக்குற வரைக்கும்தான் ஐயா. கால் போச்சுன்னா என் மகன் வீட்டுக்கு நொண்டிக்கிட்டாவது வருவான். எங்க வார்டுக்கு வாரவுகள நீங்க ஒருக்க வந்து பாருங்க."

அவர் கழற்றிய கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். கல்யாணம் நின்றுபோய்விடும் என்றுதான் நினைத்தேன். நின்றாலும் சரி என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். அப்போது எஸ்தர் உள்ளேயிருந்து வந்து, அவள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அவுக ஆடுற லீக்ல இன்னும் நாலு மேட்ச் இருக்கு. போன வருசம் இவுகள ஜெயிச்சவுகளோட ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னால வந்துட்டாகன்னா, நான் பாடம் நடத்துற கிளாஸ் புள்ளைகளுக்கு என்ன சொல்ல? பேப்பர்ல வர்றத எல்லாம் அதுகளுக்கு நான்தான வாசிச்சுக் காட்டுறேன்."

"நீ எப்பத்துலருந்து பந்தாட்டம் படிக்கிற?" என்றார் அவர்.

"நிச்சயம் பண்ணின நாள்லருந்து" என்றாள். என் பக்கம் திரும்பி, "அத்தை, வரவேணாம்னு எழுதுங்க. சேம் சைடு கோலப் பத்தியும் எனக்குத் தெரியும்னு எழுதுங்க" என்றாள். உன்னை விட்டால் இந்தப் பெண்ணை யாருக்குக் கொடுப்பார்கள் என்று நான் யோசித்தேன், உன்னை விட நல்லவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் ஐயா பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். கல்யாணத் தேதியில் மாற்றமில்லை என்று பஸ் புறப்படும்போதுதான் சொன்னார்.

சிவகாசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடுத்த வேலையைப் பார்த்தேன். முதலாளி வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மாளுக்கு மூன்று பிரசவம் பார்த்தவள் நான், உள்ளே விடாமல் இருக்க முடியாது. இவருக்கு அப்புறம் போர்மேன் வேலையை மாடசாமி அண்ணனுக்குக் கொடுங்கள், இப்போதிருந்தே பழக்குங்கள் என்று கேட்டேன். உன் அப்பாவுக்குக் கீழே இத்தனை காலமாக மருந்து கலக்குகிறவர். போர்மேனாக ஆனால் மருந்து சலிக்கிற அந்தச் சல்லடையைத் தொடாமலாவது இருப்பார். அதுகூட முழுப் பத்திரம் இல்லை, ஏதாவது ஒன்று என்றால் முதலில் உள்ளே பாய வேண்டியவர் போர்மேன்தான், உன் அப்பா பாய்ந்த மாதிரி. என் பிள்ளைக்கு வேண்டாம் என்கிற இடத்தை இன்னொரு வீட்டுக்குக் கேட்டு வாங்கினேனே என்று எனக்கு உறுத்துகிறது. அதை நான்தான் சுமக்க வேண்டும். முதலாளி அன்றே மாடசாமி அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆகவே நீ திரும்பி வந்தால் உட்கார்வதற்கு இங்கே நாற்காலி கிடையாது.

உன் அப்பாவுக்கு இது கம்பெனியில் வைத்துத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போடப் பார்த்து, இரண்டைத் தப்பாகப் போட்டுக்கொண்டு போனார். என்னிடம் கேட்காமல் செய்தாயே என்கிற கோபம் ஒரு பக்கம், மகன் வருவான் என்று ஆசைப்பட்டது ஒரு பக்கம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நீ வருகிறாய் என்று படித்த அந்த ஒரு நிமிஷம், கட்டு மாற்ற வந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு நான் பின்வாசலுக்குப் போய் அழுதேன். அதை இவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில், இவராகவே வாயைத் திறந்தார்.

"ஏட்டி, அவன் ஆடுறத நாம ஒருக்கக்கூடப் பாக்கலயே."

"நீங்கதான் சீசன், லோடு, ஆர்டருன்னு நகர மாட்டீகளே."

"மாடசாமிதான் இப்ப எல்லாத்தயும் பாத்துக்கிடுறான்ல" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். "முதலாளிட்ட லீவு கேட்டுட்டேன்."

தீபாவளி சீசனில் இந்த மனிதர் லீவு கேட்டதே இல்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று முதலாளி பயந்துபோனாராம். நானும் டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன். மெட்ராஸ் போய், அங்கிருந்து கல்கத்தா மெயில் ஏறுகிறோம். எஸ்தர் சொன்ன அந்த மேட்சுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்துவிடுவோம். ஸ்டேஷனுக்கு நீ வராதே, உனக்குப் பிராக்டிஸ் இருக்கும். விலாசம் இருக்கிறது, விசாரித்து வந்துவிடுவோம். பாஷை தெரியாத ஊரில் எப்படி என்று உன் அப்பா கேட்கிறார், நான் நர்ஸ், எனக்குச் சைகை போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. யார் ஜெயிக்கிறார்கள் என்பதுகூடப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கத்துவதை வைத்துத்தான் புரியும். கூட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்கும், நாங்கள் உன்னைப் பார்ப்போம். களத்தில் இறக்கினால் களத்தில் நில். பெஞ்சில் உட்கார வைத்தால் பெஞ்சில் உட்கார், ஆட்டம் முடிகிறவரை நாங்கள் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டில் எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். அவ்வளவு தூரம் வந்து உன்னைத் தேடுகிற மாதிரி மட்டும் வைத்துவிடாதே.

அம்மா